கிணறு போல இறைத்த குளம்

குளிர்காலம் வருகிறதென்றால் நீச்சல் குளத்தை ஒட்ட இறைத்துக் காயப் போட்டுவிட வேண்டும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நம்பினேன் என்பது சின்னச் சொல். அடுத்தவருக்கு வகுப்பெடுக்கும் அளவுக்கு எனக்கு அதில் தெளிவு இருந்தது. தண்ணீர் உறைந்தால் பெருக்கும், பெருத்தால் குளம் வெடிக்கும். தண்ணீரே இல்லையென்றால் எது உறையப் போகிறது? இதில் பிழை பிடிக்க ஒருவராலும் ஏலாது என்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

அதோடு, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் நிற்கிற குழி எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். வருடத்துக்கு ஒருமுறை கிணற்றை அடிவரை இறைத்து, சேறு வழித்து, புது ஊற்றுக்கு இடம் விட வேண்டும். இறைக்காத வீட்டைப் பற்றி ஊர் கதைக்கும். டோர்ட்மண்டின் ஓரத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் தோட்டத்தில் நீல நிறத்தில் ஒரு குளம் கிடந்தபோது, அதை நான் நீள்சதுரமாக வெட்டிய கிணறாகத்தான் பார்த்தேன். அது மண்ணுக்குள் இறக்கி வைத்த ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி என்பதோ, தொட்டிக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதோ எனக்குப் படவில்லை.

குளத்துக்கு உண்மையான சொந்தக்காரி என் மனைவி. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய முழங்கால் போய்விட்டது. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். பொது நீச்சல் தடாகத்துக்குப் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அங்கே வருகிற தமிழ்ச்சனம் தன்னைக் குளிக்கும் உடுப்போடு பார்த்தால் அடுத்த திருவிழா முடியும்வரை அதுதான் கதை என்பது அவளுடைய கணிப்பு. கணிப்பு சரி. ஆகவே எங்கள் குளத்தில், பழைய ரீசேட்டும் நீளக் காற்சட்டையுமாக, நெஞ்சளவு தண்ணீரில் ஒவ்வொரு நாளும் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தாள். நீந்தத் தெரியாது. நடந்தாள், அவ்வளவுதான். படி ஏறியதும், ஊன்றுகோலை மூலையில் சாத்தியதும், வேலைக்குத் திரும்பிப் போனதும் அந்த நடையால்தான்.

அக்டோபரில் கிழமை முழுவதும் மழை பெய்து ஓய்ந்தது. வருகிற நாட்களில் உறைபனி விழும் என்று வானிலை சொன்னது. ஞாயிறு காலை மனைவி வேலைக்குப் போனதும், பேருந்து ஓட்டும் என் நண்பனைக் கூப்பிட்டேன். இறைக்கிற பம்ப் அவனிடம் இருந்தது. அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான். வந்து குளத்தை எட்டிப் பார்த்தான்.

"இறைக்கத்தானே வேணும், மச்சான். இதுக்கு யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

இரண்டு பேர் ஒரே முட்டாள்தனத்தில் உடன்பட்டால் அது அறிவு மாதிரியே இருக்கும். பம்பை இறக்கினோம். அது உறுமிக்கொண்டு தண்ணீரைத் தோட்டத்து வடிகானுக்குள் கக்கியது. மனைவி வந்து பார்த்து அசந்துபோய் நிற்பாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அது மட்டும் பலித்தது.

தண்ணீர் கணுக்காலளவுக்கு வந்தபோது வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மாவின் தலை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையில் சத்தம் போடுகிறோம் என்று சண்டைக்கு வருகிறா என்றெண்ணி, அவ வாய் திறக்கும் முன்னமே பம்பை நிறுத்தி, என்னிடம் இருந்த முழு டொச் மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன்.

"சத்தம் கிடக்கட்டும்," என்றா. "குளத்தை ஏன் காலி பண்ணுகிறீர்கள்?"

"குளிர் வருகிறதே!"

"குளிர் வந்தால் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும், ஹெர் நாஹ்பார், பக்கத்து வீட்டுக்காரரே. சுவரில் தண்ணீர் வருகிற ஓட்டைகளுக்குக் கொஞ்சம் கீழே மட்டும் குறைப்பார்கள். முழுக்க எடுத்தால் இது வெறும் படகு. மழைக்குப் பிறகு நிலத்தடித் தண்ணீர் கீழேயிருந்து தூக்கிவிடும். தொட்டி மேலே வந்து பிளந்துவிடும்."

வேலி ஓரத்தில் மண்ணுக்குள் செங்குத்தாகப் புதைத்திருந்த குழாயைக் காட்டினா. முன்பு இங்கிருந்தவர் அதற்குள் பார்த்துத்தான் நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிவாராம். அந்தக் குழாயைச் சிகரெட் சாம்பல் தட்டும் இடமாக இத்தனை நாளும் பாவித்தவன் நான்.

குசினிக்கு ஓடினேன். கைக்கு அகப்பட்டது குழம்பு அகப்பைதான். அதில் நூல் கட்டிக் குழாய்க்குள் இறக்கினேன். எதிர்பார்த்ததற்கு வெகு முன்னமே 'ளொக்' என்று தண்ணீரைத் தொட்டது. நூலை எடுத்துக் குளத்தின் சுவரோடு பிடித்துப் பார்த்தோம். வெளியே தண்ணீர் குளத்தின் அடித்தளத்தைவிட மேலே நின்றது. நண்பன் முகத்தில் இருந்த பேருந்துச் சாரதிக்குரிய அமைதி கழன்று போனது.

தோட்டத்துக் குழாயில் ஹோஸைப் பூட்டித் திறந்தேன். ஆட்டுக்குட்டி மூத்திரம் பெய்வதுபோலத் தண்ணீர் வந்தது. இந்த வேகத்தில் நிரம்ப எவ்வளவு நேரம் என்று நண்பன் கேட்டான். கணக்குப் பார்க்கப் பயமாக இருந்ததால் பார்க்கவில்லை. அகப்பையைத் திரும்ப இறக்கினேன். தூக்கினேன். குளம் ஒரு பக்கம் எழும்புகிறதா என்று பார்க்க மட்டக்கோலை விளிம்பில் வைத்தேன். அதற்குள் இருந்த குமிழி நடுவில் நின்றது. நான் மூச்சு விட்டதும் அசைந்ததுபோல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் வைத்தேன். விளிம்பில் காதை வைத்துப் படுத்து, பிளக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அதையும் குளத்தின் கணக்கில் எழுதினேன்.

"பாரம் வைப்பம் மச்சான்," என்றான் நண்பன்.

அப்போது அது பேரறிவாகப் பட்டது. பூச்சாடிகளை இறக்கினோம். நடைபாதைக் கற்களைப் பெயர்த்து இறக்கினோம். நிலவறையில் கிடந்த காரின் குளிர்காலச் சக்கரங்கள் நான்கையும் உருட்டி வந்து உள்ளே போட்டோம். அதுவும் போதாது என்று பட்டது. எங்களிடம் மிச்சமிருந்த பாரம் நாங்கள்தான். இறங்கி, ஆளுக்கொரு மூலையில் சக்கரத்தின்மேல் குந்தினோம். கால் விறைத்தது.

"நீ நடுவுக்கு வா. உன்ரை வண்டி வயிறுதான் பெரிசு," என்றேன்.

"நடுவுக்கு நீ போ. உன்ரை மண்டைதான் பாரம்."

மனைவி வேலை முடிந்து வந்தது அந்த நேரத்தில்தான். கைப்பையைக்கூட இறக்காமல் கரையில் நின்று பார்த்தாள். காலிக் குளம், பூச்சாடிகள், கற்கள், சக்கரங்கள், குந்தியிருக்கிற இரண்டு கிழட்டுத் தவளைகள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?"

நான் விளங்கப்படுத்தினேன். எனக்கே அது விளக்கமாகத் தெரியவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அம்மா சுருக்கமாகச் சொன்னா. மனைவிக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் மேல வாங்கோ. அது எழும்பேக்க உங்களையும் சேத்துக் கொண்டு போப்போகுது. அண்ணை, நீங்களாவது சொல்லக்கூடாதே?"

"நான் சொன்னனான் தங்கச்சி," என்றான் நண்பன், கூசாமல்.

அவள் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்த்த பேச்சும் விழவில்லை. கரையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் மெல்ல இருந்து முழங்காலைத் தேய்த்தாள்.

"எனக்கு இது ஒண்டுதானே கிடந்தது," என்றாள்.

திட்டியிருந்தால் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி இருக்கும். சக்கரத்தை விட்டு எழும்பிக் கரையேறினேன்.

பிறகு நடந்ததெல்லாம் தண்ணீர் சுமப்புத்தான். பக்கத்து வீட்டு அம்மா தன்னுடைய ஹோஸை வேலிக்குள்ளால் நீட்டித் திறந்துவிட்டா. மனைவி குளியலறை ஜன்னலால் இன்னொன்றை இறக்கினாள். நண்பன் மழைத்தண்ணீர் பீப்பாயைச் சரித்து வாளி வாளியாக ஊற்றினான். நான் அகப்பைக்கும் மட்டக்கோலுக்கும் நடுவில் ஓடினேன். ஒவ்வொரு தரமும் மனைவி கேட்டாள், "என்னவாம்?" ஒவ்வொரு தரமும், "அப்பிடியேதான்," என்றேன். பாரத்துக்குப் போட்ட சக்கரங்கள் தண்ணீர் ஏறியதும் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. தொட்டியை அழுத்த வந்தவை குளத்துக்குள் சுற்றிச் சுற்றி உல்லாசமாக மிதந்தன.

"பாரம் வைச்சவையாம்," என்றாள் மனைவி, அவற்றைப் பார்த்தபடி. அன்றைக்கு அவள் வாய் முதல் தரம் சிரிப்பில் கோணியது அப்போதுதான்.

உள்ளே தண்ணீர் வெளித் தண்ணீரைவிட மேலே ஏறியதும் பக்கத்து வீட்டு அம்மா கையால் சைகை காட்டினா, இனிப் பயமில்லை என்று. நான் கேட்கவில்லை. இருள ஆரம்பித்தும் தண்ணீரை விட்டேன், விடிய விளிம்பு முட்டும்வரை விட்டேன். அடுத்த நாள் அவவே வந்து, இப்படி நிரம்பியிருந்தால் ஐஸ் விளிம்பை உடைக்கும், சுவர் ஓட்டைகளுக்குக் கீழே குறையுங்கள் என்றா. ஆகவே திங்கட்கிழமை, அதே பம்பை வைத்து, திரும்பவும் இறைத்தேன். இந்தத் தரம் மனைவி கதிரை போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"காணும்."

"இன்னும் ஒரு கை கிடக்கு."

"காணும் எண்டு சொன்னனான். நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினேன். ஓட்டைகளுக்கு அடைப்பு வைத்தோம், ஐஸ் சுவரை நெரிக்காமல் மிதவைகளைப் போட்டோம், தறப்பாளால் மூடிக் கட்டினோம். குளிர்காலம் முழுவதும் குப்பை கொட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மட்டக்கோலோடு வெளியே போனேன். எங்கள் வீட்டில் அவ்வளவு குப்பை இருந்ததே இல்லை. மனைவி அறையிலிருந்து கேட்பாள், "குப்பை நேராக் கிடக்கோ?" தறப்பாளின் மேல் ஸ்னோ விழுந்தால் அது பாரம்தானே என்று எனக்கு ஆறுதல். ஸ்னோ உருகினால் அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் போய்க் குளத்தைத் தூக்குமே என்று பதற்றம். காலநிலை எப்படி இருந்தாலும் நான் பயந்தேன்.

ஏப்ரலில் தறப்பாளைக் கழற்றினோம். குளம் ஒரு நூல்கூட அசையவில்லை. அந்த ஞாயிறு பாவித்துவிட்டு, குளிருக்கு முன் தண்ணீரை வடித்துப் பூட்ட நான் மறந்துபோன தோட்டத்துக் குழாய் மட்டும் ஜனவரியில் வெடித்து நிலவறைச் சுவரை நனைத்திருந்தது. மே மாதக் கடைசியில் மனைவி ரீசேட்டோடு இறங்கினாள், தண்ணீர் குளிர் என்று என்னைத் திட்டினாள், அந்தக் கரைவரை நடந்தாள்.