அம்மா சொல்லாத பெயர்

எழுதப் பழகியவள் அல்ல நான். தாராவி முனிசிபல் பள்ளியில் ஏழாவதுவரை தமிழ் படித்ததோடு சரி. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. பெண்டாட்டி வாயால் பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நம்பிக்கை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அம்மாவின் முழங்கை என் முதுகில் இடிக்கும், நான் சொல்வேன்.

பக்கத்து அறை மராட்டிப் பெண்ணை மவுசி, அதாவது சித்தி, என்போம். சங்கராந்தி கழிந்து ஒருநாள் சாயங்காலம் மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்திருந்தாள். அவர்கள் வழக்கம் நேர்மாறு. புருஷன் பெயரைச் சின்னப் பாட்டாகக் கட்டிச் சபையில் சொன்னால் அவனுக்கு மங்கலம். ஒவ்வொருத்தியும் சொல்லிச் சிரித்தாள். அம்மாவின் முறை வந்ததும் வாசலை மறித்துக்கொண்டு, “பேரைச் சொல்லு, அப்பதான் விடுவோம்” என்றார்கள். அம்மா முந்தானையைச் சுருட்டினாள். என் முதுகில் இடி விழுந்தது.

“சுடலைமுத்து” என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரோ இந்தியில் கேட்டார்கள். சுடலை எங்கள் குலசாமி, காவல் தெய்வம் என்று சொல்லியிருக்கலாம். விடை தெரிந்த பிள்ளையின் அவசரம் எனக்கு. “ஸ்மஷான் கா மோத்தி” என்றேன். சுடுகாட்டு முத்து.

குங்குமச் சிமிழ் நீட்டிய கை அப்படியே நின்றது. மவுசிதான் சிரித்தாள்.

“எங்க வீட்டுக்காரன் பேரு தக்டூ. வெறும் கல்லு! முன்னால பிறந்ததெல்லாம் தங்கலைன்னு, எமன் திரும்பிப் பார்க்காத பேரா வெச்சாங்க. இன்னைக்கும் கல்லு மாதிரிதான் உட்கார்ந்திருக்கான், ஒரு குடம் தண்ணி பிடிக்க மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

உல்லாஸ்நகர் பட்டறையிலிருந்து அப்பா வருகிற நேரம் தாண்டியது. அம்மா சோற்றுப் பானையைத் திறந்தாள், மூடினாள். வாசலுக்குப் போனாள், வந்தாள்.

“வெளக்கு வைக்கிற நேரத்துல சுடுகாட்டக் கூட்டிட்டு வந்துட்டியேட்டி!”

கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வண்டிகள் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போயின. ஒரு வண்டி நகர்ந்ததும் எதிர் பிளாட்பாரத்தில் அப்பா தெரிந்தார். படியேறச் சோம்பல்பட்டு, எல்லோரையும்போலத் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கக் கீழே குதித்தார். அவர் கடக்க வேண்டிய தண்டவாளத்தில், சயானில் நிற்காத பாஸ்ட் வண்டியின் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

“ஏங்க!” என்று அம்மா கத்தினாள். பிளாட்பாரத்துத் தமிழர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். “அப்பா!” என்று நான் கத்தினேன். மீதிப் பேரும் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை.

முதுகில் இடி விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயரை இன்னொரு தரம் சொன்னால் அப்பா செத்துப்போவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“சுடலமுத்து!”

அம்மாவின் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா நின்றார். அவருக்கு முன்னால் வண்டி ஓடி முடிந்தது.

மேலே ஏறி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. “எவனோ போலீஸ்காரன் கூப்பிடுதான்னு நெனச்சேன். ஊரே கேக்க எம்பேரச் சொல்லுதியே?”

“சோறு ஆறிப்போச்சு” என்றாள் அம்மா.

திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. குலசாமியிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். உதடு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி குவிந்து, மூடி, திறந்தது. அது மன்னிப்பாக இருக்க முடியாது என்று புரிய, எனக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆக வேண்டியிருந்தது.

மறுநாள் அப்பா வழக்கமான வண்டிக்குப் போனார். ரேஷன் கடையில் பெயர் கேட்டார்கள். முதுகில் இடி விழுந்தது, நான் சொன்னேன்.