பல்பைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷில் எண்களைத் தவிர எதுவும் படிக்கத் தெரியாது. அதை வெளியே சொல்லக் கூச்சம். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவேன்.

செம்பாக்கத்து வீட்டில், ஒரு வருடமாக ஒவ்வொரு செல்லாகப் பற்றவைத்து மூன்று சோலார் பேனல்கள் செய்தேன். வெயிலில் வைத்து, ஒரு பல்பை மாட்டி அளந்தால் ஒவ்வொன்றும் பதினெட்டு வோல்ட் காட்டியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் இணைத்தால் ஐம்பத்து நான்கு. வீட்டுக் கரண்டோடு சேர்க்கும் இன்வெர்ட்டர் வாங்க ராஜகீழ்ப்பாக்கம் போனேன். பெட்டியில் 55 என்று போட்டிருந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

"லேபிள படிச்சிட்டீங்களாண்ணா?" என்றார் கடையை நடத்தும் பெண்.

தலையாட்டினேன். அவர் விடவில்லை.

"பேனல எப்டி அளந்தீங்க?"

"பல்பு மாட்டித்தான் மேடம்."

"பல்பு கரண்ட இழுக்கறதால கம்மியா காட்டுது. கழட்டிட்டு அளங்கண்ணா, இருபத்தொண்ணு காட்டும். மூணும் சேந்தா அறுபத்து மூணு. அம்பத்தஞ்சத் தாண்டுனா எரிஞ்சிடும்னுதான் இதுல எழுதிக்கீது."

முகம் சுட்டது. "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது மேடம்." வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னேன்.

"அட, இங்கிலீஷ் தெரிஞ்சவங்கதாண்ணா எரிச்சிட்டு வந்து எங்கிட்ட சண்ட போடறாங்க!" சிரித்துக்கொண்டே பெட்டிமேல் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு பேனல்களை மட்டும் இணைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

மூன்றாவது பேனல் மாடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்த கடைகளும் ஆபீசுகளும் நினைவுக்கு வருகின்றன. அங்கெல்லாம் என்ன எழுதியிருந்ததோ, தெரியவில்லை.