கம்பி முள்ளில் கிடந்த முடி

பன்றி என்ன தின்றதென்று பன்றியிடம் கேட்க முடியாது, அதன் முடியிடம் கேட்கலாம் என்று எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த பெண் சொன்ன நாளில் என் குழப்பம் தொடங்கியது. காட்டு விலங்குகளின் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். நாகல் நகர் சந்துக்குள், ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவே, மாடிப்படியில் நின்றபடியே எனக்குப் பாடம் நடத்தினாள்.

காற்றிலுள்ள கார்பனில் லேசானது ஒன்று, கொஞ்சம் கனமானது ஒன்று. நெல்லும் பயறும் மரமும் கனமானதை அவ்வளவாக வாங்கிக்கொள்வதில்லை. மக்காச்சோளம், கம்பு, கரும்பு எல்லாம் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். தின்றவர் உடம்பில் அது ஏறி, முடியாக வளர்ந்து வெளியே வரும். எந்திரத்தில் போட்டால் சொல்லிவிடும்.

"ஐசோடோப் சார். பொய் சொல்லாது."

பொய் சொல்லாத ஒன்றை நம்பி நான் எங்கே போனேன்? ரெட்டியார்சத்திரம் பக்கம் என் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே மச்சான் கம்பிச் சுருளோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் தோட்டத்தில் பால் பிடித்த மக்காச்சோளம் இரண்டு முறை சாய்ந்து கிடந்தது. பன்றி என்பது மச்சானின் கட்சி. சலூனிலிருந்து மூட்டையில் முடி வாங்கி வந்து வரப்பெல்லாம் தூவியிருந்தார். மோந்து பார்த்தால் மூக்கில் ஏறிப் பன்றி திரும்பிவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அது போதாதென்று, ஓடைப்பக்கம் முள்கம்பி வேலிக்கு அடியில் பன்றி நுழைகிற சந்தில் ஒரு கம்பி கட்டிக் கரண்ட் விடப்போகிறார்.

"அது பன்னி இல்ல. காத்துக்குச் சாஞ்சுச்சு, மயிலு கொத்துச்சு. பன்னி ஓடைக்கரையில கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்னுட்டுப் போயிருது," என்றாள் அக்கா.

"நீ போயி அது கூட ஒக்காந்து சாப்ட்ட பாரு."

"கரண்டெல்லாம் வேணாங்க. தப்புங்க அது. யாராச்சும் மிதிச்சுட்டா?"

"ஓடைப்பக்கம் எவன் வாரான்?"

அக்கா ஓடைப்பக்கமே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் மாடிப்பெண்ணின் எந்திரத்தைப் பற்றிச் சொல்லி வைத்தேன். மச்சான் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒத்துக்கொண்டார்.

"சரி மாப்ள. பன்னி சோளம் தின்னுருந்தா கரண்ட் விடுறேன். தின்னலைன்னா கம்பியச் சுருட்டி வச்சுர்றேன். அதுக்கு மேல பேச்சில்ல."

ஒரு மயிரிழையில் ஒரு குடும்பத்தின் வழக்கைத் தொங்கவிட்ட கிறுக்கன் நான். மறுநாள் விடிந்ததும் வேலிக்குப் போனேன். தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள், அது சலூன் முடி. கம்பி முள்ளில் சிக்கியதை மட்டும் எடுங்கள் என்று மாடிப்பெண் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வெள்ளெழுத்துக் கண்ணாடியை நாகல் நகரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பனி ஈரத்தில் முள், முள்ளில் முடி, முடியில் வெளிச்சம், எல்லாம் ஒரே மங்கல். அந்தச் சந்தில் அடுத்தடுத்த மூன்று முட்களில் இருந்ததை இடுக்கியால் எடுத்து மூன்று காகித உறைகளில் போட்டேன். மூன்றாவது கொஞ்சம் நீளமாகச் சுருண்டு வந்தது. பிடரி முடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பன்றிக்குப் பிடரி உண்டா என்று அப்போது யோசித்தேன். இப்போதும் எப்போதாவது யோசிக்கிறேன்.

உறைகளை மாடிப்பெண்ணிடம் கொடுத்து முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை எதைத் தின்றாலும் அது என் தலையில் போய் எழுதப்படுவதாக ஒரு கூச்சம். கண்ணாடியில் என் நரையைப் பார்த்து, நீ எந்த வருஷத்துச் சோறு என்று கேட்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அவள் படியிறங்கி வந்தாள்.

"சார், முதல் ரெண்டும் பன்றி. சோளம் மாதிரிதான் காட்டுது."

கரண்ட் உறுதி என்று நான் படியிலேயே உட்கார்ந்தேன்.

"ஆனா கோரைக்கிழங்கும் கனமான கார்பனை வாங்கிக்கிற அதே ஜாதிதான். அதைத் தின்னாலும் இப்படித்தான் காட்டும். ரெண்டையும் இந்த முடியை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"பொய் சொல்லாதுன்னியேம்மா."

"பொய் சொல்லலையே சார். பாதிதான் சொல்லுது." கொஞ்சம் தயங்கினாள். "மூணாவது பன்றியே இல்ல. லென்ஸ்ல பார்த்தேன், மனுச முடி. சும்மா அதையும் எந்திரத்துல ஓட்டிப் பார்த்தேன். அதிலயும் சோளத்துப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கு. கம்பங்கூழ் குடிக்கிறவங்களா இருக்கும். சோளத்தட்டை தின்ன மாட்டுப் பால், டீயில சக்கரை, இதெல்லாம்கூட சேர்ந்துக்கும்."

எந்திரத்துக்குப் பன்றியும் தெரியவில்லை, மனிதரும் தெரியவில்லை. சாப்பாடு மட்டும் தெரிகிறது, அதுவும் அரைகுறையாக. இதைக் கொண்டுபோய் மச்சானிடம் எப்படி வைப்பது? பஸ்ஸில் போகும்போதே வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. கவிதை எழுதுகிற எனக்கே வாய் குழறியது.

மச்சான் முழுக்கக் கேட்டார்.

"அப்ப தின்னுச்சா, தின்னலையா?"

"தின்னுருக்கலாம். கெழங்காவும் இருக்கலாம்."

"இதுக்கா இம்புட்டு நாளு காத்துக் கெடந்தேன்? ஏலே, குடுகுடுப்பைக்காரன்கூட இதவிடத் தெளிவாச் சொல்லுவான். அந்த மூணாவது?"

"மனுச முடி மச்சான்."

"சலூன் முடியப் போயி அள்ளிக் குடுத்துருக்க."

"இல்ல. தரையில எடுக்கல, முள்ளுல எடுத்தேன். நீளமா வேற இருந்துச்சு." மிச்சத்தை மாடிப்பெண் உறையிலேயே திருப்பித் தந்திருந்தாள். மச்சான் பிரித்தார். முழங்கை நீளம், பாதி கறுப்பு, பாதி நரை. சலூனில் எந்த ஆம்பளைக்கு இவ்வளவு நீளம் வெட்டுகிறார்கள்?

அடுப்படி வாசலில் அக்கா நின்றிருந்தாள். மச்சான் முடியைப் பார்த்தார். அவள் கொண்டையைப் பார்த்தார்.

"அந்தச் சந்து வழியாவா போற?"

"வெள்ளாட்டுக்குப் புல்லறுக்கத்தான். சுத்திப் போனா அம்புட்டுத் தூரம்."

"எத்தன தடவ சொல்லிருக்கேன், ஓடைப்பக்கம் பாம்பு கெடக்கு, போகாதன்னு."

"அதான் சொல்லல."

"தெனமுமா?"

"விடியிறதுக்கு முன்னாடி. இருட்டுல கம்பியத் தூக்கிப் பிடிச்சுட்டுக் குனிஞ்சு போவேன். சில நேரம் கொண்டை மாட்டிக்கிரும்."

கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற அந்தக் கையை அவள் அப்படியே காட்டினாள். விரல்கள் காற்றில் ஒரு கம்பியைப் பிடித்திருந்தன. மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து கம்பிச் சுருளையும் வெட்டுகிற குறட்டையும் எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல். சந்தில் அடிக்கம்பியை இரண்டு இடத்தில் வெட்டினார். நடுக்கம்பியையும் வெட்டினார். ஓரமாகக் கிடந்த மூங்கில்களைச் சேர்த்து, கரண்டுக்கென்று வாங்கிய அதே கம்பியால் ஒரு படல் கட்டி நிறுத்தினார். ஆள் நிமிர்ந்து போகலாம்.

"இதைத் தள்ளிட்டுப் பன்னியும் வருமே மச்சான்," என்றேன்.

குறட்டைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அது சோளத்துக்கு வருதா கெழங்குக்கு வருதான்னு ஒனக்கே தெரியல. பேசாம வா."