ஸ்பீக்கரில் போட்ட போன்

எங்கள் இதழியல் வகுப்பில் மேடம் வைத்ததுதான் சட்டம். யாரைப் பேட்டி எடுத்து எழுதினாலும் அவருடைய போன் நம்பரைக் கட்டுரையின் அடியில் போட வேண்டும். மேடம் வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்த நம்பருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, நாங்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துக் காட்டுவார். "நீங்க இப்படிச் சொன்னீங்களா?" என்பார். ஆமாம் என்றால் கட்டுரை பிழைத்தது. இல்லை என்றால் முட்டை.

நாங்கள் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. ரிங் போகிற சத்தம் கேட்டாலே வெளியே ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவரிடம் பேசாமலே பேசியதாக எழுதி மாட்டிக்கொண்ட இன்னொருவன், அன்றோடு திருந்தி, இன்று சென்னையில் டிவியில் இருக்கிறான். அவனைக் கேட்டால் மேடம் தெய்வம் என்பான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கை அடித்ததோடு சரி. ஆனாலும் இன்று நிருபராக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் செய்தி சேகரித்துவிட்டு எழுத உட்கார்ந்தால், ஒரு வார்த்தையைக் கூட்டிப் போட எனக்குக் கை வருவதில்லை. அதற்கு அவர்தான் காரணம். அதை நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்களில் கெட்டிக்காரி. கடைசி செமஸ்டர் கட்டுரையில் தேறிவிட்டால் சென்னைப் பத்திரிகை ஒன்றில் அவளுக்குப் பயிற்சி இடம் உறுதி. அவள் கோயில் பக்கத்து லாட்ஜில் அறை கூட்டும் ஒரு அக்காவைப் பற்றி எழுதினாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் ஒரு அறை காலியானதும் அடுத்த ஆள் நிற்பான். கூட்டித் துடைக்க ஆள் வேண்டுமே என்று வேலைக்காரப் பெண்களை வீட்டுக்கே விடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டும் அக்காவை விடவில்லை. அவர் அதைச் சொல்லி அழுதபோது நானும் கூடவே இருந்தேன்.

மேடம் போன் செய்தார். படித்தார். அக்காவுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல், "யாரு போன்ல?" என்றது.

"நான் அப்படில்லாம் சொல்லலைங்க. இங்க எங்கள நல்லாத்தான் வச்சிருக்காங்க," என்றார் அக்கா. போன் கட்டானது.

நான் எழுந்தேன். "மேடம், மேனேஜர் பக்கத்துல இருக்காரு, அதான். அவங்க சொன்னப்ப நானும் இருந்தேன் மேடம்."

"சொன்னவங்களே இல்லன்றாங்க. நாளைக்கு கேஸ் போட்டா, மேனேஜர் பக்கத்துல இருந்தாருன்னு கோர்ட்ல போய் சொல்லுவியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு முள்ளாகக் குத்துகிறது. கட்டுரைக்கு முட்டை விழுந்தது. பயிற்சி இடம் வேறு யாருக்கோ போனது. அவள் அழவில்லை. அந்த அக்காவுக்கு வேலை போயிருக்குமோ என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். போன பௌர்ணமி முடிந்த காலையில் பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"வீட்டுக்குப் போகலையாடி?"

"எங்க உடறாங்க? பௌர்ணமின்னா வேல ஜாஸ்தி. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்னு கேட்டேன். அப்பவும் உடல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "நான் எழுதறேன்டி இத," என்றேன்.

அவள் முதலாளியின் அறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"எழுது. ஆனா போன் பண்ணிக் கேட்டா, நானும் சொல்லலைன்னுதான் சொல்லுவேன்."