நீலாம்பாள் சொன்ன சாட்சி

திருவாரூரில் விண்ணரசி டீச்சர் நடத்திய பயிற்சி இல்லத்தில் நீலாம்பாளைக் காயில் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பொம்பளை கட்டின மோட்டார் எத்தனை நாளைக்கு ஓடும் என்று நக்கலடித்த மிராசுதார்கள்கூட, குறுவை நாற்றங்கால் காயும்போது மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள். காய்கிற பயிருக்கு முன்னால் வீறாப்பு எத்தனை நாள் செல்லும்?

அவளிடம் தொழில் பழகியவர்கள் எல்லாரும் புருஷன்மாரிடம் உதைபட்டு, இனித் தாங்காது என்று வீட்டைவிட்டு வந்த பெண்கள். ஆரம்பத்தில் இல்லத்தில் இருந்தது நாலு தையல் மிஷின், வந்து சேர்ந்ததோ பதினோரு பேர். டீச்சரின் கணவர் ஜெக்கரியா கொல்லைப்புறத்தில் காயில் பட்டறை வைத்திருந்தார். மிஷின் கிடைக்காதவர்களை அங்கே உட்கார வைத்தார். கழுத்தில் விரல் தடத்தோடு வந்து சேர்ந்த நீலாம்பாளும் அப்படி உட்கார்ந்தவள்தான். அவர் காலமான பிறகு பட்டறை அவள் பொறுப்புக்கு வந்தது.

அவளுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது. அவற்றை விறைப்பாக நீட்டிக்கொண்டே மற்ற விரல்களுக்கு நடுவே கம்பியை ஓடவிட்டுச் சுற்றுவாள். சுற்று எண்ணிக்கை தப்பினால் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். அவளுக்கு எண்ணிக்கை தப்புவதே இல்லை, விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் நடக்கும் நாட்களைத் தவிர. தேர் நிலைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டி மருதையன் பேச ஆரம்பித்தால் அவள் கை நின்றுபோகும். அதுவரை சுற்றியதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கூட்டம் கலையும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். மருதையன் அவள் புருஷன்.

அவன் பேச்சில் கல்லும் கரையும். அவனும் அவனைப் போன்றவர்களும் பேசிப் போராடித்தான் அறுவடைக் கூலி மரக்கால் கணக்கில் ஏறியது. குனிந்தே கிடந்த கீழத்தெரு நிமிர்ந்து நடந்தது. அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்தக் கூலி நெல்லைத் தின்றவள்தான் நீலாம்பாளும். ஆனால் வெளியே பண்ணையின் சாட்டையைப் பிடுங்கி எறிந்தவன், வீட்டுக்குள் வந்ததும் தானே ஒரு பண்ணையாகிவிடுவான். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வது? தோழரைப் பற்றித் தோழர்களிடமா?

அவள் அவனோடு வாழ்ந்துகொண்டிருந்த காலம். சென்னையில் புது ஆட்சி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா வரப்போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. அந்தத் தை மாதம் பண்ணையில் கூலிப் பேச்சு முறிந்தது. காரியக்காரர் இராஜாங்கம் எல்லார் முன்னிலையிலும் மருதையனை வாடா போடா என்று பேசி அனுப்பினார். பண்ணைக்காகக் கணக்குப் பார்த்துக் கூலி அளக்கும் அந்த மனிதரை நல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படியைத் தலை தட்டிக் குறைத்து அளப்பார், வாய் கூசாமல் ஏசுவார். அவரை ஒன்றும் செய்ய முடியாத கோபத்தோடு மருதையன் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். நெல் குத்திக்கொண்டிருந்த நீலாம்பாளிடமிருந்து உலக்கையைப் பிடுங்கினான். ஏன் என்று கேட்டதுதான் அவள் செய்த குற்றம். உலக்கை அவள் இடது கையில் இறங்கியது.

அன்று சாயங்காலமே களத்துமேட்டில் இரு தரப்புக்கும் கைகலப்பு. காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றியபோது மருதையன் அவளையும் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர், "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன், "காரியக்காரன் இராஜாங்கம்தான் சார். பொம்பளைன்னுகூடப் பாக்கல" என்றான் மருதையன். அவள் மௌனம் வாக்குமூலமாகிவிட்டது.

கோர்ட்டில் கையைத் தூக்கிக் காட்டி, "இவருதாங்க" என்றாள். கூண்டில் நின்ற இராஜாங்கத்தின் முகத்தில் கோபம் வரவில்லை. ஒன்றும் விளங்காதவர் மாதிரி அவளைப் பார்த்தார். "ஏ புள்ள, நானா?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் தண்டனை கிடைத்தது. அதற்கப்புறம் ஊர் ஊராக மேடையில் அவளை ஏற்றினார்கள். "இந்தக் கையைப் பாருங்க தோழர்களே!" என்று மருதையன் அவள் கையை உயர்த்திப் பிடிப்பான். ஒடித்த கையே பிடித்து உயர்த்தும். ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள். வீட்டுக்கு வந்ததும், "இனி வாயத் தொறந்தா பொய்ச்சாட்சின்னு உன்னத்தான் உள்ள போடுவான்" என்று சிரிப்பான்.

பதின்மூன்று வருஷம் கழித்து ஒருநாள், பாபநாசம் பக்கத்திலிருந்து அம்சம் என்றொரு பெண் இல்லத்துக்கு வந்தாள். இருபத்துநாலு வயது. முன்பல் இரண்டைக் காணோம். டீச்சர் பதிவேட்டில் எழுதும்போது தகப்பன் பெயர் கேட்டார். "இராஜாங்கம். இப்ப இல்லீங்க" என்றாள் அந்தப் பெண். பிறந்த ஊரையும் சொன்னாள். நீலாம்பாள் வாழ்க்கைப்பட்ட அதே ஊர். கதவோரம் நின்றிருந்த நீலாம்பாள் பட்டறைப் பக்கம் நழுவினாள்.

மூன்றாம் நாள் அம்சம் தானாகவே பட்டறையில் வந்து நின்றாள்.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? உங்க கைய ஒடிச்சவரு மக. வேற போக்கிடம் இல்லாமத்தான் இங்க வந்தேன். எங்கப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"கம்பியப் பாரு. சிக்கு விழுது" என்றாள் நீலாம்பாள்.

அன்றிலிருந்து இராஜாங்கம் அவளை விடவில்லை. மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் குனிந்தால் அந்த முகம், வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் அந்தக் குரல். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று தினமும் யோசித்தாள். பொய்ச்சாட்சி சொன்னவளை டீச்சர் வைத்துக்கொள்வாரா? சங்கத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? இந்தப் பட்டறையை விட்டால் அவளுக்குப் போக இடமும் இல்லை, அழ ஆளும் இல்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்தாள். பெண்கள் சாப்பிடும்போது அம்சம் தன் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே இருந்திருப்பாள். ஜெயிலுக்குப் போனவன் மகள் என்று நல்ல இடம் எதுவும் வரவில்லையாம். கடைசியில் இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்தார்களாம். அடிக்கும்போதெல்லாம், "உங்கப்பன் ஊரான் பொண்டாட்டிய அடிச்சான், நான் என் பொண்டாட்டியத்தானே அடிக்கறேன்" என்பானாம் புருஷன். நீலாம்பாள் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

இரண்டாம் மாதம் அம்சத்திடம் முதல்முறையாகத் தனி மோட்டார் ஒன்றைக் கொடுத்தாள். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறாள். நல்ல விரல்கள், மடங்குகிற விரல்கள். அதுதான் தொழில்முறை என்று நினைத்துப் பழகியிருக்கிறாள்.

மருதையன் என் கையோடு விடவில்லை, இந்தப் பெண்ணின் கையிலும் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று நீலாம்பாளுக்குத் தோன்றியது.

"விரல மடக்கும்மா" என்றாள். "அப்படிப் பிடிக்கணும்னு இல்ல. எனக்கு மடங்காது, அதான் நீட்டிக்கிட்டிருக்கேன்."

அம்சம் கையைக் கீழே போட்டாள். "எங்கப்பா பண்ணின பாவம்" என்று முணுமுணுத்தாள்.

"உங்கப்பா பண்ணல."

அம்சம் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கப்பா என்னைத் தொட்டதே இல்ல. ஒடிச்சது எம் புருஷன். கோர்ட்டுல நான் சொன்னது பொய்யி. பயந்துகிட்டுச் சொன்னேன். அப்புறமும் பயந்துகிட்டே இருந்துட்டேன்." சொல்லி முடித்ததும் அவள் தலை தானாகக் குனிந்தது. அடி விழும் என்று தோள் இரண்டும் ஒடுங்கின. அத்தனை வருஷப் பழக்கம்.

அடி விழவில்லை. அம்சம் மெதுவாகப் பேசினாள்.

"நான் ஒடிக்கல பாப்பா, நான் ஒடிக்கலன்னு சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஜெயில்லேருந்து வந்த நாள்லேருந்து நான் அவருகிட்டப் பேசலக்கா. கடைசியில இழுத்துக்கிட்டுக் கெடக்கும்போது, உன் கையால கொஞ்சம் தண்ணி குடுன்னு கேட்டாரு. பொம்பள கைய ஒடிச்சவருக்கு என் கையால தண்ணி கெடையாதுன்னு சொல்லிட்டேன்."

நீலாம்பாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அம்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இத இப்ப நான் யாருகிட்டப் போயி சொல்லுவேன்?" என்று கேட்டாள்.