பூஜையில் வைத்த லேப்டாப்

என் கணவர் இறந்த பிறகு அவர் குரல் மிச்சமிருந்தது என் மகளின் லேப்டாப்பில் மட்டும்தான். ஃபோனில் இடமில்லை என்று எல்லா வீடியோக்களையும் அதற்கு மாற்றி வைத்திருந்தாள்.

மும்பை மாடுங்கா வீட்டில், சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு அதையும் அடுக்கிக் குங்குமம் இட்டேன். கற்பூரம் காட்டும்போது புடவைத் தலைப்பு பட்டு, நைவேத்தியப் பால் டம்ளர் அதன்மேல் கவிழ்ந்தது. மூடியிருந்தும் இடுக்கு வழியாகப் பால் உள்ளே இறங்கியது.

"அம்மா, ஆன்லயே இருக்கு! உடனே ஆஃப் பண்ணணும்" என்று மகள் பாய்ந்து வந்தாள்.

"பூஜைல வெச்சதை இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்கு புனர்பூஜை ஆகட்டும்" என்று அவள் கையைத் தட்டிவிட்டு, மேலாகத் துடைத்தேன். என் சொல்லுக்காக அவளும் ஒதுங்கிக்கொண்டாள்.

மறுநாள் அதற்கு உயிர் வரவில்லை. செம்பூரில் பழுது பார்ப்பவர் கழற்றிப் பார்த்தார்.

"அப்பவே அணைச்சுக் கவுத்து வெச்சிருந்தா பொழைச்சிருக்கும்மா. ராத்திரி பூரா கரண்ட் ஓடி போர்டு அரிச்சுப்போச்சு. புது போர்டு போட்டா லேப்டாப் ஓடும். ஆனா ஸ்டோரேஜ் பழைய போர்டோடயே ஒட்டினது. உள்ள இருந்தது வராது."

டேட்டா மீட்கும் லேபுக்கும் அனுப்பினோம். முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புது போர்டு போட்டு மகள் அதில்தான் வேலை பார்க்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அவள் அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை. ஆளுக்கொரு மாதிரி சொல்லிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.