மழையில் எடுத்துப் போன பூட்ஸ்

என் மகன் ஜோயல் போன வருடம் ஒரு மழை நாளில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் கண்டெய்னர் யார்டில் இறந்தான். வயது முப்பத்தொன்று. லோரி ஓட்டுகிறவன். லோரியிலிருந்து இறங்கும்போது படியில் கால் வழுக்கியது என்றார்கள். பின்னால் இன்னொரு லோரி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அன்று காலை அவனுடைய சேஃப்டி பூட்ஸ் முந்தின நாள் மழையில் நனைந்து ஈரமாக இருந்தது. சாதாரண சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். பூட்ஸ் எங்கள் கிள்ளான் வீட்டு வாசலில், செருப்பு ரேக்கிலேயே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க எனக்கும் தைரியம் வரவில்லை, என் மனைவி எஸ்தருக்கும் வரவில்லை.

அடக்க ஆராதனை அன்று எஸ்தர் பெட்டியின் மேல் விழுந்து அழப் போனாள். கிரேஸ் சிஸ்டர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். சபையில் ஜெபக் குழுவை நடத்துகிறவர், நல்ல மனம் உள்ளவர். காதோடு சொன்னார்:

"ஆன்டி, அழாதீங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் பார்க்கிறாங்க. நாமளே இப்படி அழுதா நம்ம நம்பிக்கையைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஜோயல் ஆண்டவர்கிட்டத்தானே இருக்கான்?"

எங்கள் குடியிருப்பான தாமானில் பெரும்பாலும் இந்து வீடுகள். நாங்கள் வெள்ளை உடுத்தி, பாட்டுப் பாடி, கலங்காமல் நின்றால்தான் சாட்சி என்று சபையில் எல்லோரும் நினைத்திருந்தோம். எஸ்தர் நிமிர்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். அதோடு அவள் அழுகை நின்றது. "என்ன பலமான விசுவாசம்!" என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது. நான் துறைமுகக் கிடங்கில் டேலி கிளார்க்காக இருந்தவன். லோரியில் ஏறும் மூட்டைகளை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எஸ்தர் சாப்பிடும் கவளங்களை எண்ணினேன். குறைந்துகொண்டே வந்தன. பேச்சும் குறைந்தது. மழை வந்தால் மட்டும் வாசலுக்குப் போய் நிற்பாள். "பூட்ஸ் போடாம போயிட்டான்" என்பாள். அந்தக் குரலில் அழுகை இல்லை. ரேக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"ஆண்டவரே, ஒன்று குறைந்துவிட்டது. இன்னொன்று குறையக் கூடாது." இதுதான் என் ஜெபம். தினமும் இதையே சொன்னேன். பதில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. பாட்டு பாதியில் இருக்கும்போது மழை கொட்டியது. கூரைச் சத்தத்தில் பக்கத்தில் பாடுகிறவர் குரல்கூடக் கேட்கவில்லை. எஸ்தர் சமையலறையில் தேநீர் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் கண்ணை மூட முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன்.

வழக்கம்போல் செருப்புகளை எண்ணினேன். எஸ்தரின் செருப்பு இருந்தது. பூட்ஸ் இல்லை.

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கெட்டிலில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அவள் இல்லை. படுக்கையறையிலும் இல்லை. வெறுங்காலோடு, செத்துப்போன மகனுக்குப் பூட்ஸ் எடுத்துக்கொண்டு மழையில் போய்விட்டாள்.

"எஸ்தரைக் காணோம்!" என்று கத்தினேன். பாட்டு நின்றது.

"பதறாதீங்க அங்கிள்," என்றார் கிரேஸ் சிஸ்டர். "முதல்ல எல்லாரும் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுவோம்."

"நீங்க பண்ணுங்கம்மா. நான் போய்க்கிட்டே பண்றேன். சாமுவேல், காரை எடுங்க!"

சாமுவேல் எங்கள் சபைக்காரர், பள்ளி பஸ் ஓட்டுகிறவர். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கொமுட்டர் ஸ்டேஷன். ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் போர்ட் கிள்ளான், ஜோயல் இறந்த இடம். இறங்கினால் எதிரே படகுத்துறை. அதை நினைத்ததும், "வேகமா போங்க," என்றேன்.

சாலை ஓரத்து லோங்காங் சாக்கடையெல்லாம் நிரம்பி வழிந்தது. எதிரே வந்த ஒவ்வொரு லோரியும் தண்ணீரை வாரி எங்கள் கண்ணாடியில் அடித்தது.

"கடல் ஏறுற நேரம்லா அங்கிள். தண்ணி ரோட்டுக்கே வந்துரும்," என்றார் சாமுவேல். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. "வேணாம், வேணாம், வேணாம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அதையும் ஒரு ஜெபம் என்று ஆண்டவர் எண்ணிக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது.

போர்ட் கிள்ளான் ஸ்டேஷனில் அவள் இல்லை. படகுத்துறைக்கு ஓடினேன். எழுபத்து நான்கு வயதில் ஓடினேன். கடல் மேல்படி வரை ஏறி, பழுப்பாக அசைந்துகொண்டிருந்தது. படிகளில் யாரும் இல்லை. நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு பெண்ணின் ஓலம் கேட்டது. எஸ்தரின் குரல்.

துறைக்கு எதிரே ஒரு பீசாங் கோரெங் கடை. வாணலியில் வாழைப்பழம் பொரிந்துகொண்டிருந்தது. தார்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் சேறு. மடியில் பூட்ஸ். கடைக்காரப் பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதுகொண்டிருந்தார். அவர் நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்திருந்தது. பெயர் லெட்சுமி என்று பிறகு தெரிந்தது.

"நீங்கதான் வீட்டுக்காரரா?" என்று என்மேல் பாய்ந்தார். "இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க அங்கிள்? இந்த மழையில செருப்புகூட இல்லாமயா அனுப்புவீங்க?"

"அனுப்பலம்மா. ஜெபக் கூட்டத்துல இருந்தோம்."

"நல்லா இருந்தீங்க போங்க!" மூக்கைச் சிந்திக்கொண்டார். "தண்ணிப் பக்கமா போய்க்கிட்டே இருந்தாங்க. அக்கா, அக்கான்னு கூப்பிட்டேன், திரும்பல. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். 'யார்டுல லோரி ஓட்டுற என் மகன்கிட்ட கொடுத்துருங்க'ன்னு பூட்ஸை நீட்டுறாங்க. என் மகனும் லோரிதான் ஓட்டுறான் அங்கிள். என்ன சொல்றதுன்னே தெரியல, அழுகைதான் வந்துச்சு. நான் அழவும் அக்காவும் அழுதுட்டாங்க."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "என்னங்க, ஜோயல் செத்துட்டான்," என்றாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. நான் சேற்றில் உட்கார்ந்து அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகன் போன பிறகு நானும் அன்றுதான் அழுதேன்.

"ஐயோ, பீசாங் கருகுது!" என்று லெட்சுமி எழுந்து ஓடினார். அழுகைக்கு நடுவே எஸ்தரின் உதடு லேசாக விரிந்தது. அதைச் சிரிப்பு என்றே எண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கிரேஸ் சிஸ்டர் இன்னும் முழங்காலில்தான் இருந்தார். எஸ்தர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எனக்கு இன்னும் அழணும் சிஸ்டர்," என்றாள். அவர் கண்ணைத் திறந்து அவளுடைய சேற்றுக் கால்களைப் பார்த்தார். பிறகு, "அழுங்க ஆன்டி," என்று அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

நண்பனின் கல்லறை முன்னே நம் ஆண்டவர் அழுததைச் சிறுவயதிலிருந்து வேதத்தில் படித்து வருகிறேன். இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவருக்கு ஏன் அழுகை என்று நான் யோசித்ததே இல்லை. அங்கே அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான். அன்று படகுத்துறையில் என் மனைவியைப் பிடித்து நிறுத்தியது அவருடைய இரக்கம்தான். அது லெட்சுமியின் கையாக வந்தது.

எஸ்தர் இப்போது சாப்பிடுகிறாள். டாக்டரிடமும் போய் வருகிறோம். எங்கள் வீட்டு ஜெபத்தில் அழ வேண்டியவர்கள் அழுதுவிட்டுத்தான் பாட்டு. சில சனிக்கிழமைகளில் லெட்சுமி ஒரு பை பீசாங் கோரெங்கோடு வந்து பின்வரிசையில் உட்காருகிறார்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. போனதாகச் சொன்னால் அது பொய்ச் சாட்சி. இன்றும் மழை இரைந்தால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். பூட்ஸ் இருக்கிறதா, அவள் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். எஸ்தர் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

பிள்ளையைப் பறிகொடுத்த யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கலங்காத முகத்தோடுதான் ஆண்டவரிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வெறுங்காலோடு போங்கள். வாய்விட்டு அழுங்கள். அவர் ஓடிவந்து கையைப் பிடிப்பார்.